மூலிகைச் சாறா, சிட்ரேட்டா, போரோஹைட்ரைடா? வெள்ளி நானோ துகளுக்கு எந்த வழி

சில்வர் நைட்ரேட் கரைசலில் எலெக்ட்ரான் தரக்கூடிய ஒரு பொருளைச் சேர்த்தால் வெள்ளி அயனி ஒடுக்கமடைந்து, அதாவது எலெக்ட்ரானைப் பெற்று, உலோகமாகும், நிறம் மாறும். எல்லா வழிகளுக்கும் அடிப்படை இதுதான். துகளின் மேல் கடைசியில் எது ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. கிருமியைக் கொல்லுமா, செல்லைக் கெடுக்குமா என்ற சோதனைகளில் பாதிக் குழப்பம் அந்த மேலுறையால் வருவது.

போரோஹைட்ரைடு

மூன்றில் வேகமானது இதுவே. 2 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடு 30 மி.லி.யை ஐஸில் வைத்துக் கலக்கியபடி, 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் 10 மி.லி.யைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தெளிந்த மஞ்சள் நிறம் வரும். கரைசல் எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் யூவி-விசிபிள் கருவியில் 400 நானோமீட்டரை ஒட்டி ஒடுங்கிய முகடு தெரியும். துகள்கள் சுமார் 10 முதல் 15 நானோமீட்டர் இருக்கும். சொட்டு முடிந்ததும் கலக்குவதை நிறுத்திவிடுங்கள். தொடர்ந்தால் மஞ்சள் அடர்ந்து, ஊதாவாகி, சாம்பலாகத் திரண்டுவிடும். போரோஹைட்ரைடு தண்ணீரில் சிதைந்துகொண்டே இருப்பதால் அன்றன்று கரைக்க வேண்டும். ஹைட்ரஜன் வெளிவரும், ஆகவே பாட்டிலை இறுக மூடக் கூடாது.

சிட்ரேட்

1982-இல் லீயும் மெய்சலும் தந்த முறை இன்றும் அப்படியே நடக்கிறது: 500 மி.லி. தண்ணீரில் 90 மி.கி. சில்வர் நைட்ரேட், கொதி வந்ததும் 1 சதவீத சோடியம் சிட்ரேட் 10 மி.லி., பிறகு சுமார் ஒரு மணி நேரக் கொதி. துகள் பெரிது, அளவும் சீராக இராது, குச்சி வடிவங்களும் கலந்து வரும். ஆனால் மேலுறை என்னவென்று நமக்குத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துகள் வேண்டுமென்றால் எங்கள் தேர்வு இதுதான்.

மூலிகைச் சாறு

10 கிராம் இலையைக் கழுவி, கடைசி அலசலைக் காய்ச்சி வடித்த நீரில் முடித்து, நறுக்கி, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 10 நிமிடம் கொதிக்க விட்டு, வாட்மன் 1 வடிதாளில் வடிகட்டுங்கள். 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட் (100 மி.லி.க்கு 17 மி.கி.) 90 மி.லி.யுடன் இந்தச் சாறு 10 மி.லி. சேர்த்து இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் ஒளியே வெள்ளியை ஒடுக்கத் தொடங்கும். அப்புறம் எது சாறின் வேலை, எது வெளிச்சத்தின் வேலை என்று பிரிக்க முடியாது.

எந்த மூலிகை? துவர்ப்புத் தரும் டானின் என்ற பாலிஃபீனால் நிறைந்த கடுக்காய், நெல்லி வேகமாக வேலை செய்யும். ஒடுக்குவதும் உறையாவதும் அதே பாலிஃபீனால்கள்தான். வேப்பிலை அறை வெப்பத்தில் சில மணி நேரம் எடுக்கும். சூடாக்கினால் நேரம் குறையும். சோற்றுக்கற்றாழைக் கூழை முதல் முயற்சிக்கு எடுக்காதீர்கள், வடிதாளிலேயே அடைத்துக்கொள்ளும். எதை எடுத்தாலும் பருவம், இலையின் முதிர்ச்சி, உலர்த்திய விதம் மூன்றும் சாற்றை மாற்றிவிடும். பச்சை இலையைவிட, நிழலில் உலர்த்திப் பொடித்து ஒரே பையில் சேமித்த தூள் நம்பகமானது. ஒவ்வொரு முறையும் அதன் மொத்த ஃபீனால் அளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டால்தான் இந்த முறை திரும்பச் செய்யக்கூடியதாகும். சாறை 4 டிகிரியில் வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

கெடும் இடங்கள் பெரும்பாலும் இவை. கலந்தவுடன் வெள்ளையாகக் கலங்கினால் அது சில்வர் குளோரைடு. குழாய்த் தண்ணீர் சேர்ந்திருக்கும், அல்லது இலையிலேயே உப்பு அதிகம். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் 38.1, 44.3 டிகிரியில் எழும் முகடுகள் வெள்ளிக்கு உரியவை. 32.2-இல் கூர்மையாக ஒன்று எழுந்தால் குளோரைடைச் சந்தேகியுங்கள். காரத்தன்மை கூடினால் வினை வேகமாகும், துகளும் பொதுவாகச் சிறுக்கும். ஆனால் காரத்தை நேராக நைட்ரேட்டில் ஊற்றினால் பழுப்பான சில்வர் ஆக்சைடு படியும். அதை நானோ துகளின் நிறமென்று கொண்டாடியவர்கள் உண்டு. பி.எச்.-ஐச் சாறிலேயே சரிசெய்துவிட்டு வெள்ளியைச் சேருங்கள். அதற்கு அமோனியா வேண்டாம். அமோனியா கலந்த வெள்ளிக் கரைசல் கிடக்கக் கிடக்க வெடிக்கும் பொருளாக மாறக்கூடும்.

உயிரியல் சோதனை

முதலில் அளவுக் கணக்கு. மேற்சொன்ன சாறுக் கலவையில் வெள்ளி முழுவதும் துகளானாலும் மி.லி.க்கு 97 மைக்ரோகிராம்தான். போரோஹைட்ரைடுக் கலவையில் 27, சிட்ரேட்டில் ஏறக்குறைய 112. சம கன அளவு எடுத்து மூன்றையும் ஒப்பிட்டால் அந்த ஒப்பீடே செல்லாது. மூலிகைத் துகளை உலர்த்தி எடை போடுவது இன்னும் மோசம். அந்த எடையில் கணிசமான பங்கு இலைப்பொருளாக இருக்கும். அணு உறிஞ்சல் முறையிலோ, பிளாஸ்மாவைக் கொண்டு தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. முறையிலோ வெள்ளியை அளந்து, அதை வைத்து மருந்தளவு சொல்ல வேண்டும்.

அடுத்தது அயனி. காற்றில்லாச் சூழலில், வெள்ளி ஆக்சிஜனேற்றம் அடைய முடியாதபோது, துகளுக்குப் பாக்டீரியா எதிர்ப்பு கிட்டத்தட்ட இல்லாமல் போவதை 2012-இல் ரைஸ் பல்கலைக்கழகக் குழு காட்டியது. கொல்வது பெரும்பாலும் வெளியேறும் வெள்ளி அயனி. ஆகவே மையவிலக்கியில் நிமிடத்துக்கு 12,000 சுற்றில் 20 நிமிடம் என மூன்று முறை கழுவிய துகள், கழுவுமுன் பிரிந்த மேல்நீர், சாறு மட்டும், அதே அளவு வெள்ளியுள்ள சில்வர் நைட்ரேட் ஆகிய நான்கையும் அருகருகே வையுங்கள். மேல்நீரே கொல்கிறது என்றால் வினை முடியவில்லை.

அகார் தட்டில் பாக்டீரியா வளராமல் தெளியும் வட்டத் தடுப்பு மண்டலத்தை மில்லிமீட்டரில் அளந்து ‘இந்த மூலிகை சிறந்தது’ என்று சொல்வதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. அகாரில் துகள் எளிதாக ஊர்வதில்லை, பெரிய துகள் தோற்றதுபோலத் தெரியும். குழிகளில் நீர்த்துப் பார்க்கும் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு நேர்மையானது. மி.லி.க்கு 5 லட்சம் பாக்டீரியாவில் தொடங்குங்கள். உப்புள்ள ஊடகத்தில் சிட்ரேட் துகள் சீக்கிரம் திரளும். மூலிகை உறை பெரும்பாலும் அதிக நேரம் தாங்கும். சாறுவழி உண்மையாகவே முந்தும் இடம் இது.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்புச் சோதனையில் கிடைக்கும் மதிப்பெண்ணைப் பெரும்பாலும் ஒட்டிய ஃபீனால்களின் கணக்கில் எழுதுங்கள், வெள்ளியின் கணக்கில் அல்ல. புற்றுச்செல் சோதனையில் உயிருள்ள செல்கள் ஊதாவாக்க வேண்டிய எம்.டி.டி. சாயத்தை அதே ஃபீனால்கள் செல் இல்லாமலேயே ஊதாவாக்கும், துகளும் தன் பங்குக்கு ஒளியை உறிஞ்சும். செல் இல்லாத குழிகளில் துகளையும் சாயத்தையும் மட்டும் வைத்து, அந்த அளவைக் கழித்த பிறகே சதவீதம் போட வேண்டும்.