14416-க்குப் போன் போடுவதா, மாவட்ட மையத்துக்குப் போவதா?

"மூன்று வயசாகியும் பேச்சு வரலை." "பத்தாவது படிக்கிற பையன் ரூமை விட்டு வெளியே வர்றதில்லை." இரண்டுக்கும் தமிழ்நாட்டில் அரசு உதவி உண்டு, ஆனால் வாசல் வேறு: ஒன்று டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416, இன்னொன்று குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்.

செலவு: இரண்டுமே இலவசம். மையத்துக்கு பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும்.

நேரம்: 2022 அக்டோபரில் வந்த டெலி மனஸ் எண் 14416, 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசலாம். மையத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள்.

கிடைப்பது: போனில் ஆலோசகர், தேவைப்பட்டால் மனநல மருத்துவர். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஒரே கூரையில். பந்தை உருட்டிவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தை திரும்புகிறதா என்று தரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். இதைப் போனில் எப்படிச் செய்வது?

அலைச்சல்: பயிற்சி என்றால் திரும்பத் திரும்பப் போகணும். பலர் விட்டுவிடுவது இங்கேதான்.

சின்னக் குழந்தை, வளர்ச்சியில் சந்தேகம் என்றால் யோசிக்காமல் மையம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவே பரிந்துரை எழுதித் தரும். வளர்ந்த பிள்ளை, பரீட்சை பயம், ராத்திரி அழுகை என்றால் முதலில் 14416. பிள்ளையே பேசட்டும், நீங்கள் பக்கத்து ரூமுக்குப் போய்விடுங்கள்.