பழைய கேம்கோடர் கேசட்டைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றக் கொடுக்கப் போகிறீர்களா? 6,400 ரூபாய் போன கதை

மதுரையில் மாசி வீதிப் பக்கம், கல்யாண வீடியோ எடுக்கிற ஒரு ஸ்டுடியோவில் 6,400 ரூபாயைப் பறிகொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். கை இன்னும் நடுங்குகிறது.

அப்பா எடுத்த எட்டு மினி டிவி (MiniDV, கேம்கோடரில் போடும் சின்ன கேசட்) கேசட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். தங்கச்சி காது குத்து, அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டம் எல்லாம் அதில்தான். அப்பா இன்று இல்லை. அவர் குரல் வேறு எதிலும் இல்லை.

கடைக்காரர் ஒரு கேசட்டை வாங்கினார். முதுகில் இருக்கிற சின்னப் பொத்தானை நகத்தால் ‘சேவ்’ பக்கம் தள்ளினார். “இனி தெரியாம கூட மேல பதிவாகாதுண்ணே. ஃபயர்வயர் கேபிள்ல கேமராவுல இருந்து கம்ப்யூட்டருக்கு அப்படியே இறக்கித் தர்றோம்” என்றார். தொழில் தெரிந்தவர் என்று அந்த நிமிடம்தான் நம்பினேன். கேசட்டுக்கு 800 வீதம் 6,400 ரூபாய், மொத்தமும் முன்பணம்.

கிடைத்தது ஒரு பென் டிரைவ். எட்டு மணி நேரமும் சேர்த்து 4 ஜிபிகூட இல்லை! மினி டிவியை அப்படியே இறக்கினால் ஒரு மணி நேரத்துக்கே சுமார் 13 ஜிபி வரும்; இவர்கள் தரத்தைக் குறைத்துச் சுருக்கியிருக்கிறார்கள். முகமெல்லாம் கட்டம் கட்டமாக இருக்கிறது. அப்பா வாயசைத்து முடித்த பிறகு குரல் வருகிறது. காது குத்து கேசட்டில் நாடா கசங்கி, மூடிக்கு வெளியே தொங்குகிறது.

கேட்டால் “பையன் லீவுல இருக்கான்.” அப்புறம் “சிஸ்டத்தை ஃபார்மேட் பண்ணிட்டோம்.” கடைசியில் “பழைய கேசட்டு, பூஞ்சை பிடிச்சிருந்துச்சு, நாங்க என்ன பண்றது?” பூஞ்சை இருந்தால் கேமராவில் போடும் முன்னாலேயே சொல்ல வேண்டாமா? பில் கேட்டேன், விசிட்டிங் கார்டு பின்னால் ‘8 கே. 6400’ என்று கிறுக்கியதுதான் பில்லாம். இப்போது போனையும் எடுப்பதில்லை. 6,400 ரூபாயை விடுங்கள், அந்த நாடாவை யார் திருப்பித் தருவார்கள்?

கொடுப்பவர்களுக்கு நிறைய சொல்ல நினைத்தேன், மனசு ஓடவில்லை. முதலில் ஒரே ஒரு கேசட் கொடுங்கள், அதுவும் முக்கியமில்லாததாக. ஃபைல் எத்தனை ஜிபி என்று அங்கேயே பாருங்கள். பில் இல்லாமல் பணம் தராதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுக்கத்தான் போகிறேன்.