பத்தாயிரம் அடி உயரத்தில் இரண்டு லிட்டர் குக்கர்

கேம்ப்பிங் சாமான்களைப் பற்றி யார் எழுதினாலும் கூடாரம் வரும், ஸ்லீப்பிங் பேக் வரும், எடையே இல்லாத டைட்டானியம் பாத்திரம் வரும். குக்கர் மட்டும் வராது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது சாதாரண அலுமினிய குக்கர். இரண்டு லிட்டர், மூடி உள்பக்கமாக நுழைந்து பூட்டிக்கொள்ளும் வகை. கலிபோர்னியாவின் ஃபால்சமில் எங்கள் வீட்டுச் சமையல் முக்கால்வாசி இதில்தான் நடக்கிறது. செப்டம்பர் கடைசியில் நெவாடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் கிரேட் பேசின் நேஷனல் பார்க்குக்குக் கூடாரத்தோடு கிளம்பியபோது இதையும் டிக்கியில் வைத்தேன். "மலைக்குப் போயும் விசிலா?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை மட்டும் என் பக்கம். அவர் கொடைக்கானலில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். "மேல ஏற ஏற பருப்பு வேகாது மாப்ள. அங்கல்லாம் குக்கர் இல்லாட்டி பொழப்பே ஓடாது" என்றார். அத்தோடு விவாதம் முடிந்தது.

அத்தை சொன்னதில் அறிவியல் இருக்கிறது. கிரேட் பேசினில் நாங்கள் தங்கிய வீலர் பீக் கேம்ப்கிரவுண்ட் 9,886 அடி உயரத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 8,842 அடிதான். கூடாரம் அடிக்கும் இடமே ஆனைமுடி உச்சியைவிட ஆயிரம் அடி மேலே. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் எழுபது சதவீதம்தான். அதனால் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. தண்ணீர்தான் ஆவியாகிக் குறையும். டீ போடலாம், நூடுல்ஸ் போடலாம். துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் மசியவே மசியாது.

குக்கரில் வெயிட் போட்டால் உள்ளே வெளிக்காற்றைவிடக் கூடுதலாக ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் சேர்கிறது. ஊரில் இதனால் 120 டிகிரி வரை போகும். பத்தாயிரம் அடியில் வெளிக்காற்றே லேசு என்பதால் 115 பக்கம் நிற்கும். அந்த ஐந்து டிகிரி குறைவுக்குத்தான் விசில் கூட வேண்டும். இரண்டாயிரம் அடிக்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஐந்து சதவீத நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதன்படி அங்கே ஏறத்தாழ நாற்பது சதவீதம் கூடுதல். வீட்டில் ஆறு விசில் வைக்கும் கொண்டைக்கடலைக்கு அங்கே ஒன்பது வைத்தேன், சரியாக இருந்தது.

போகிற வழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபால்சம்காரர்கள் மளிகைக்கும் ஆபீசுக்கும் ஓட்டுகிற அதே ஹைவே 50தான் கடைசிவரை. ஆனால் தாஹோ ஏரி தாண்டி, கார்சன் சிட்டி தாண்டி, ஃபாலன் ஊரும் முடிந்த பிறகு அது வேறு சாலை. 1986இல் லைஃப் பத்திரிகை இதை அமெரிக்காவிலேயே தனிமையான சாலை என்று எழுதி, உயிர்பிழைக்கும் திறமை இல்லாதவர்கள் போக வேண்டாம் என்கிற தொனியில் எச்சரித்தது. நெவாடாக்காரர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெயரையே பலகையில் எழுதி நட்டுவிட்டு, வழியில் உள்ள ஊர்களில் முத்திரை குத்திக்கொள்ள ஒரு கையேடும் அச்சடித்தார்கள். கிரேட் பேசின் நேஷனல் பார்க் ஆனதும் அதே 1986இல்தான், அக்டோபரில்.

ஃபாலனிலிருந்து அடுத்த ஊரான ஆஸ்டின் 110 மைல். அப்புறம் யுரேக்கா 70, அப்புறம் ஈலி 77. நடுவில் ஒன்றுமில்லை என்றால் நிஜமாகவே ஒன்றுமில்லை. ஒரு மலைத்தொடர் ஏறி இறங்கினால் நேர்கோடாக ஒரு பள்ளத்தாக்கு, அது முடிந்தால் மறுபடி ஒரு மலைத்தொடர். இங்கே பெய்கிற மழை எந்தக் கடலுக்கும் போவதில்லை. பள்ளத்தாக்கிலேயே தேங்கிக் காய்ந்துவிடும். பேசின் என்ற பெயர் அதனால்தான். அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "மாடு மேய்க்கக்கூட ஆள் இல்லையே" என்று ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தார். மதியத்துக்குப் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்திருந்தோம். சைவம் சாப்பிடுபவர்கள் இந்த வழியில் ஹோட்டலை நம்பிப் போக வேண்டாம்.

இரவு ஈலியில் தங்கினோம். 6,400 அடி உயரம், உடம்பு பழக நல்ல இடம். வயதானவர்களைக் கூட்டிப்போனால் நேராகப் பத்தாயிரம் அடிக்கு ஏற்றிவிடாதீர்கள். பெட்ரோலும் ஈலியிலேயே முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள். காலையில் அறையைக் காலி செய்யும் முன் ஒரு பெரிய பாட்டிலில் கொண்டைக்கடலையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காரில் வைத்தேன். அது பாட்டுக்கு நாள் முழுக்க ஊறிக்கொண்டே வந்தது. இந்த யோசனை அத்தையுடையது.

பார்க்கில் நுழைவுக் கட்டணம் கிடையாது. லீமன் குகைக்குத்தான் டிக்கெட், அதை முன்பே வாங்கிவிடுங்கள். வேறு குகைக்குப் போட்டுப்போன செருப்பையோ ஷூவையோ போட்டு வராதீர்கள். வௌவால்களைக் கொல்லும் பூஞ்சை அதில் ஒட்டிவரும் என்று வாசலிலேயே விசாரிப்பார்கள். குகை அழகு, அதை வேறு யாராவது விரிவாக எழுதட்டும். அங்கிருந்து மேலே ஏறும் 12 மைல் சாலை நல்ல வளைவு. 24 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை முழுவதும் ஏற விடமாட்டார்கள்.

கேம்ப்கிரவுண்டில் ஒரு மேஜை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம், குழிக் கழிப்பறை. குளிக்க வசதி இல்லை, கரன்ட் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் தண்ணீரைக் கேன்களில் கொண்டுபோயிருந்தோம். சுற்றிலும் ஆஸ்பென் மரங்கள் மஞ்சள் பிடித்து நின்றன. ஐந்து மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் போனதும் குளிர் எலும்பில் இறங்கியது.

இனி குக்கர். கோல்மேன் இரண்டு பர்னர் அடுப்பு, பச்சை நிற ஒரு பவுண்டு புரோபேன் சிலிண்டர். இந்த அடுப்பு முக்கியம். எங்களோடு வந்த நண்பர் குடும்பம் டின்னில் அடைத்த பியூட்டேன் போடும் மேஜை அடுப்பு கொண்டுவந்திருந்தது. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரி பக்கம் போனாலே ஆவியாக மறுத்துவிடும். மறுநாள் காலையில் டின் முக்கால்வாசி நிறைந்திருந்தும் தீ பூனைக்கண் மாதிரி மினுக்கிவிட்டு அணைந்தது. அவர் டின்னை ஸ்வெட்டருக்குள் வைத்துச் சூடுபடுத்திப் பார்த்தார். புரோபேன் மைனஸ் 42 வரை ஆவியாகும், அதற்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. தவிர, சிலிண்டர் தலைமேல் திருகும் சின்ன அடுப்புகளில் குக்கரை வைக்காதீர்கள். நிறைந்த குக்கர் கனம், ஒரு பக்கம் சாய்ந்தால் சாம்பார் தரைக்குப் போய்விடும்.

கேன் தண்ணீர் ஐஸாக இருந்ததால் முதல் விசிலுக்கே நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. மூடியின் ரப்பர் வளையமும் குளிரில் விறைத்து, ஓரத்தில் ஆவி கசிந்தது. இறக்கி, வளையத்தைச் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி மாட்டியதும் சரியாகிவிட்டது. அப்புறம் வெயிட் லேசாக ஆடத் தொடங்கி, ஒரு கணம் நின்று, ஒரே மூச்சாகத் தூக்கியது. ஊரில் சட்டென்று கலைந்துவிடும் ஆவி அந்தக் குளிரில் வெள்ளைத் தூணாக எழுந்து ஆஸ்பென் கிளை வரை போயிற்று.

மூன்றாவது விசிலில் பக்கத்து இடத்திலிருந்து யூட்டாக்காரப் பெரியவர் ஒருவர் டார்ச்சோடு வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். பயந்துதான் வந்தார், மரியாதையாகக் கேட்டார். விளக்கிச் சொன்னோம். அத்தை தமிழிலேயே, "இன்னும் ஆறு விசில்தாங்க" என்றார். ஆறு விரலையும் காட்டினார். மனிதர் சிரித்துவிட்டுத் தன் மனைவியைக் கூட்டிவரப் போனார்.

கடலை நசுக்கினால் மாவாக இருந்தது. அதே குக்கரைத் துடைத்துவிட்டு அடுத்து வெண்பொங்கல். பாசிப்பருப்பை வீட்டிலேயே வறுத்து, அரிசி, மிளகு, சீரகம், இஞ்சிப்பொடியோடு ஜிப் பையில் கலந்து வைத்திருந்தேன். கொட்டு, தண்ணீர் ஊற்று, மூடு, அவ்வளவுதான். "ஒரு கை தண்ணி கூட ஊத்துங்க மாப்ள" என்று அத்தை சொன்னபடி ஊற்றினேன். குழைந்து, நெய் விட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது. நண்பரிடம் உறையவைத்து உலர்த்திய பொட்டலச் சாப்பாடு இருந்தது. வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது. 90 டிகிரி தண்ணீரில் இருபது நிமிடம் ஆகியும் பட்டாணி கடுக்கென்று கடிபட்டது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்துவிட்டார். யூட்டாத் தம்பதிக்கும் பேப்பர் கப்பில் கொடுத்தோம். முழு மிளகை என்ன செய்வது என்று அந்தம்மா கேட்டார். கடித்துச் சாப்பிட வேண்டும் என்றதும் கடித்தார். தண்ணீர் கேட்டார்.

எரிவாயு மிச்சம் என்பது எதிர்பாராத லாபம். இரண்டு இரவு, மூன்று வேளை சமையல் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சிலிண்டர் போதுமாக இருந்தது.

குறைகளும் உண்டு. முதலாவது, கழுவுவது. பொங்கல் ஒட்டிய குக்கரைக் கழுவத் தண்ணீர் எங்கே போவது? நான் பேப்பர் டவலால் துடைத்து, கொஞ்சம் வெந்நீரில் அலசி, அந்தத் தண்ணீரையும் கேனில் பிடித்துக் கீழே கொண்டுவந்தேன். நண்டுப்பிடியாக ஒட்டியது வீட்டுக்கு வந்துதான் போயிற்று. இரண்டாவது, பருப்பு வைத்தால் வெயிட் வழியாக மஞ்சள் தண்ணீர் பீச்சுகிறது. பாதிக்கு மேல் நிரப்பாமல், ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் குறையும், நிற்காது. மேஜையை அன்றிரவே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலி வரும். குக்கரையும் சாப்பாட்டோடு சேர்த்துக் காருக்குள் பூட்டி வையுங்கள். மூன்றாவது, முதுகில் மூட்டை கட்டி நடப்பவர்களுக்கு இது ஆகாது. கார் நிற்கும் இடம் வரைதான் குக்கர்.

மறுநாள் பிரிசில்கோன் பைன் மரங்களைப் பார்க்க நடந்தோம். போகவர 2.8 மைல். இந்த மலையில் 1964இல் ஆராய்ச்சிக்காக இந்த வகை மரம் ஒன்றை அனுமதி வாங்கியே வெட்டி, அப்புறம் வளையங்களை எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ 4,900 வயது. எண்ணிவிட்டு வெட்டியிருக்கலாம். அத்தை பாதி வழியில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது அங்கேயே பைக்குள்ளிருந்து மிச்சக் கடலைச் சுண்டலை எடுத்துக் கொடுத்தார்.

இருவர் மூவர் என்றால் இரண்டு லிட்டர் போதும். நால்வருக்கு மூன்று லிட்டர் எடுங்கள். பொங்கல் இரண்டு தடவை வைக்க வேண்டி வராது. ரப்பர் வளையமும் சேஃப்டி வால்வும் உபரியாக ஒவ்வொன்று கையில் இருக்கட்டும், அந்த வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. இரவு பத்து மணிக்கு மேல் கேம்ப்கிரவுண்டில் சத்தம் கூடாது, அதற்குள் கடைசி விசில் அடித்துவிட வேண்டும். பக்கத்து இடத்தில் ஆள் இருந்தால் முதல் விசிலுக்கு முன்பே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.