அரை மணி நேர ஷேக்கரா, நாள் முழுக்கக் கணக்கா?

கடைசி செட் முடிந்து கம்பியை ஸ்டாண்டில் வைத்த கையோடு பைக்குள் ஷேக்கரை, அதாவது புரதப் பொடியைக் கலக்கிக் குடிக்கும் மூடி போட்ட குப்பியை, தேடுகிறவர்களில் ஒருவனாக இரண்டு வருடம் இருந்தேன். மூச்சுகூட அடங்கியிருக்காது. தண்ணீரை ஊற்றி, மூடியைத் திருகி, உள்ளே அந்தக் கம்பிப் பந்து கடகடவென்று உருள, மடமடவென்று குடித்து முடித்த பிறகுதான் ஷூவையே கழற்றுவேன். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் புரதம் உள்ளே போகாவிட்டால் அன்று தூக்கியதெல்லாம் வீண் என்று ஜிம்மில் யாரோ சொன்னார்கள். யார் என்றுகூட இப்போது நினைவில்லை, ஆனால் அந்த பயம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஒன்றரை வருடமாக அந்த ஓட்டம் இல்லை. கடிகாரத்தை விட்டுவிட்டு, ஒரு நாளில் மொத்தம் எத்தனை கிராம் புரதம் சாப்பிட்டேன் என்று மட்டும் பார்க்கிறேன். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும், மறைக்கப் போவதில்லை.

நேரக் கட்சிக்கும் நியாயம் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2001-ல் வெளியான ஒரு டென்மார்க் ஆய்வில், சராசரி 74 வயதுள்ள ஆண்களை 12 வாரம் எடைப் பயிற்சி செய்ய வைத்தார்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சி முடிந்த உடனே 10 கிராம் புரதம் உள்ள பானம், இன்னொரு குழுவுக்கு அதே பானம் இரண்டு மணி நேரம் கழித்து. உடனே குடித்தவர்களுக்குத் தொடைத் தசை வளர்ந்தது, காத்திருந்தவர்களுக்கு வளரவில்லை. 2006-ல் அனுபவமுள்ள பாடிபில்டர்களை வைத்து நடந்த 10 வாரச் சோதனையிலும், பயிற்சிக்குச் சற்று முன்னும் பின்னும் குடித்தவர்கள், காலையிலும் இரவிலும் குடித்தவர்களை முந்தினார்கள். அந்தப் பானத்தில் புரதத்தோடு கிரியேட்டினும் (தசை பலத்துக்காக எடுக்கும் ஒரு துணைப் பொருள்) குளுக்கோஸும் கலந்திருந்தன, அதனால் லாபம் புரதத்தால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் மாறியது 2013-ல். பிராட் ஷோன்ஃபெல்ட், ஆலன் அரகான், ஜேம்ஸ் க்ரீகர் என்ற மூன்று ஆய்வாளர்களும் அதுவரை வந்த சோதனைகளைச் சேர்த்து அலசினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் உடனே குடித்தவர்களுக்குத் தசை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் பல சோதனைகளில் அவர்கள் நாள் முழுக்கச் சாப்பிட்ட புரதமும் மற்றவர்களைவிடக் கூடுதல். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்ததும் நேரத்தால் வந்ததாகத் தெரிந்த லாபம் காணாமல் போனது. 2017-ல் ஷோன்ஃபெல்ட் குழுவினர் பயிற்சி பெற்ற 21 ஆண்களைப் பிரித்து, சிலருக்குப் பயிற்சிக்கு முன்பும் மற்றவர்களுக்குப் பின்பும் 25 கிராம் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். 10 வாரம் கழித்துத் தசையிலோ பலத்திலோ சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

காரணம் புரியாத ஒன்றல்ல. மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் எடை தூக்கினால், அந்தச் சாப்பாட்டின் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் பயிற்சி முடிந்த பிறகும் ரத்தத்தில் வந்துகொண்டுதான் இருக்கும். தசையும் அரை மணி நேரத்தில் கடையை மூடுவதில்லை. ஒரு கனமான பயிற்சிக்குப் பிறகு புதுத் தசைப் புரதம் கட்டும் வேகம் 24 மணி நேரத்துக்கு மேலும் உயர்ந்தே இருக்கும், சிலருக்கு 48 மணி நேரம்கூட.

எனக்கு இதையெல்லாம்விட உறைத்தது என் சொந்த நோட்டு. வயிற்றைப் பொறுத்தவரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவன் நான் என்ற நம்பிக்கையில் ஒரு சமையல் தராசு வாங்கி இரண்டு வாரம் எல்லாவற்றையும் நிறுத்து எழுதினேன். பயிற்சி நாளில் காலை 10 கிராம், மதியம் 16, ஷேக்கரில் 24, இரவு 42. மொத்தம் 92. சரி, மோசமில்லை. ஓய்வு நாளில்? ஜிம் இல்லை, அதனால் ஷேக்கர் இல்லை. மொத்தம் 68.

வாரத்தில் நான்கு நாள் தூக்குகிறேன், மூன்று நாள் ஓய்வு. நான்கு 92-ம் மூன்று 68-ம் சேர்ந்தால் 572. ஏழால் வகுத்தால் நாளுக்கு 82 கிராம்கூட வரவில்லை. என் எடை 74 கிலோ, அதாவது கிலோவுக்கு 1.1 கிராம். 2018-ல் ராபர்ட் மார்ட்டனும் சக ஆய்வாளர்களும் 49 சோதனைகள், 1,863 பேர் என்று பெரிய கணக்காகப் போட்டுப் பார்த்தபோது, எடை தூக்குகிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் ஏறிக்கொண்டே போகிறது, அதற்கு மேல் பெரிதாக ஏறவில்லை என்று வந்தது. அது கல்லில் வெட்டிய எண் இல்லை, 2.2 வரை போகலாம் என்றும் அதே கணக்கு இடம் கொடுக்கிறது. எனக்கு 1.6 என்றால் 118 கிராம். அரை மணி நேரம் தவறக்கூடாது என்று ஓடி ஓடிக் குடித்தவன், இரண்டு வருடமாக நாளுக்கு 36 கிராம் குறைவாகச் சாப்பிட்டிருக்கிறேன்!

நேரம் பார்க்கும் முறையில் நான் காணும் பெரிய ஓட்டை இந்த ஓய்வு நாள்தான். அந்த முறை புரதத்தை ஜிம்மோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஜிம் இருந்தால் புரதம், இல்லாவிட்டால் மறதி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குந்தி எழுந்த தொடைகளுக்கு வேலை நடப்பது புதன்கிழமை முழுக்க. அந்த புதனன்றுதான் நான் காலையில் 10 கிராமோடு நாளைத் தொடங்கிக்கொண்டிருந்தேன். காய்ச்சல் வந்த வாரம், வெளியூர் போன வாரம், வேலை நெருக்கிய வாரம் எல்லாவற்றிலும் இதே கதை. மொத்தக் கணக்குக்கு ஜிம் திறந்திருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே 118.

இப்போது என் பங்கீடு காலை 30, மதியம் 30, சாயங்காலம் 25, இரவு 35. பெரிய மாற்றம் காலையில்தான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. முன்பு ஒன்று சாப்பிட்ட இடத்தில் இப்போது மூன்று, கூடவே ஒரு கிண்ணம் கெட்டித் தயிரும் பாலும். மற்ற மூன்று வேளையும் தானாகப் பழகிவிட்டது.

கணக்கு முறையில் தொல்லையே இல்லை என்று சொன்னால் பொய். முதல் மூன்று வாரம் எரிச்சலாக இருக்கும். நானே ஒரு மாதம் பருப்பில் ஏமாந்தேன். 100 கிராம் பருப்புக்கு 24 கிராம் புரதம் என்று பொட்டலத்தில் போட்டிருந்ததை, வெந்த பருப்பை நிறுத்து அப்படியே எழுதிக்கொண்டிருந்தேன். வெந்தது தண்ணீர் குடித்துக் கனத்திருக்கும், 100 கிராமுக்கு 9 வந்தாலே அதிகம். தினமும் அதில் மட்டும் 15 கிராம் கற்பனைப் புரதம். பச்சையாக நிறுக்கிறோமா, வெந்த பிறகா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். அதன் பிறகு கண் பழகிவிடும், எனக்கு நான்காவது மாதத்தில் தராசு தேவைப்படவில்லை. ஷேக்கருக்கும் அதற்கான பராமரிப்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம். பாலில் கலக்கிக் குடித்து, கழுவாமல் பையில் போட்டு, இரண்டு நாள் கழித்துத் திறந்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

எப்படிப் பிரித்துச் சாப்பிடுவது என்ற கேள்வியில் அதிகம் மெனக்கெட வேண்டாம் என்பது என் கருத்து. 2013-ல் ஒரு சோதனையில் 80 கிராம் வே புரோட்டீனை (பாலிலிருந்து எடுக்கும் புரதம்) 12 மணி நேரத்தில் 10 கிராமாக எட்டு முறை, 20 கிராமாக நான்கு முறை, 40 கிராமாக இரண்டு முறை என்று கொடுத்துப் பார்த்தார்கள், 20 கிராமாக நான்கு முறை கொடுத்தது வென்றது. ஒரு வேளைக்கு 30 கிராமுக்கு மேல் போனால் உடம்பு எடுக்காது என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். 2023-ல் 25 கிராமையும் 100 கிராமையும் ஒரே வேளையில் கொடுத்து ஒப்பிட்டதில், 100 கிராமும் 12 மணி நேரத்துக்கு மேல் பயன்பட்டுக்கொண்டே இருந்தது. அதனால் மூன்று, நான்கு வேளை கிடைத்தால் நல்லது, ஒரு நாள் இரண்டு வேளையாகச் சுருங்கினாலும் குடி முழுகாது.

படுக்கும் முன் கேசின் (பாலில் உள்ள, மெதுவாகச் செரிக்கும் புரதம்) குடிப்பதும் இதே கதைதான். 2015-ல் 12 வாரச் சோதனை ஒன்றில் இரவில் குடித்தவர்களுக்குத் தசையும் பலமும் கூடின. ஆனால் அவர்களின் நாள் மொத்தம் கிலோவுக்கு 1.9 கிராம், மற்றவர்களுடையது 1.3. இரவு ஜெயித்ததா, மொத்தம் ஜெயித்ததா என்று அதை வைத்துப் பிரிக்க முடியாது.

நேரம் பார்க்க வேண்டியவர்கள் இல்லாமல் இல்லை. விடியற்காலையில் வெறும் வயிற்றோடு தூக்குகிறவர்களுக்கு முந்தைய சாப்பாட்டின் துணை கிடையாது, அவர்கள் முடித்ததும் சாப்பிடுவதே முறை. நான் எப்போதும் சாயங்காலம் தூக்குகிறவன், அந்த அனுபவம் எனக்கு இல்லை. வயதானவர்களுக்கு ஒரு வேளைக்கான அளவே கூடுதலாக வேண்டும், இளைஞர்களுக்குக் கிலோவுக்கு 0.24 கிராம் போதும் என்ற இடத்தில் அவர்களுக்கு 0.4 வரை. 10, 15 என்று கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுவது அவர்களுக்கு எடுபடாது. சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் இந்த எண்கள் எதையும் எடுத்துக்கொள்ளாமல் முதலில் மருத்துவரிடம் போங்கள். அப்புறம், ஷேக்கர் இல்லாவிட்டால் எதையுமே சாப்பிட மறந்துவிடுகிற சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது மணி அடித்தது மாதிரி, அதை விடச் சொல்ல மாட்டேன்.

மாறிய பிறகு எனக்கு என்ன கிடைத்தது? எட்டு மாதத்தில் 60 கிலோவில் நின்றிருந்த பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடை தூக்குவது) 72.5-க்கு வந்தது. முழுப் பெருமையையும் புரதத்துக்குக் கொடுக்க மாட்டேன், அதே சமயத்தில் பயிற்சி அட்டவணையையும் மாற்றினேன், இரவில் முன்பைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கவும் செய்தேன். உறுதியாகச் சொல்ல முடிந்தது, நோட்டில் 100-க்குக் கீழே விழுந்த நாட்கள் மாதத்துக்கு இரண்டோ மூன்றோதான்.

ஷேக்கரைத் தூக்கிப் போடவில்லை. ஜிம் பையிலிருந்து சமையலறை அலமாரிக்கு இடம் மாறியிருக்கிறது. இப்போது அதை அதிகம் எடுப்பது ஓய்வு நாட்களில், சாயங்காலம் நோட்டைப் பார்த்து 25 கிராம் குறையும்போது.