நாலு வருடமாக க்யூட்செஸ்ஸில் எஞ்சின் போட்டி நடத்துகிறேன்

செஸ் எஞ்சின், அதாவது தானே செஸ் ஆடும் மென்பொருள், எழுதுகிற பன்னிரண்டு பேருக்காக வருடத்துக்கு இரண்டு முறை ஆன்லைனில் ஒரு போட்டி நடத்துகிறேன். முதல் தடவை அவரவர் வீட்டுக் கணினியிலேயே ஓடட்டும் என்று விட்டேன். ஒருவரிடம் பதினாறு கோர், இன்னொருவரிடம் பழைய லேப்டாப், நடுவில் நெட் லேக்கில் கடிகாரம் வேறு கரைந்துகொண்டே இருந்தது. ஜெயித்தது எஞ்சினா ஹார்டுவேரா என்று கடைசி வரை தெரியவில்லை. அப்புறம் எல்லோரும் எஞ்சினை எனக்கு அனுப்பிவிடுவது, ஆட்டமெல்லாம் என் கணினியில், நேரலை யூடியூபில் என்று மாற்றினேன். அன்றிலிருந்து எஞ்சின்களை ஒன்றோடொன்று மோதவிடும் க்யூட்செஸ் என்ற மென்பொருளின் கமாண்ட் லைன் வடிவம்தான். இலவசம். எஞ்சின்களுக்கான பொது மொழியான யூசிஐ பேசுகிற எந்த எஞ்சினையும் ஏற்றுக்கொள்ளும்.

கணக்கு எளிது. பன்னிரண்டு எஞ்சின், எல்லோரும் எல்லோருடனும் மோதும் ரவுண்ட் ராபினில் 66 ஜோடி, வெள்ளையும் கருப்புமாக 132 ஆட்டம். 3 நிமிடம், மூவுக்கு 2 விநாடி என்றால் ஓர் ஆட்டம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் இழுக்கும், ஒவ்வொன்றாக ஓட்டினால் ஒரு முழு நாள். எனவே ஆசைப்பட்டு கன்கரன்சியை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் ஆட்டங்களின் எண்ணிக்கையை, 8 என்று வைத்தேன். என்னிடம் இருப்பது 4 கோர், 8 த்ரெட், அதில் ஒன்றை நேரலை மென்பொருள் தின்றுகொண்டிருந்தது. இரவு முழுக்க "நேரம் முடிந்து தோல்வி" என்றே வரிசையாக வந்தது. பாவம், எஞ்சின்கள் என்ன செய்யும்! இப்போது கன்கரன்சி 3, நேரலைக்கு வேறு மடிக்கணினி.

ரீகவர் என்ற ஆப்ஷனை மறக்கவே கூடாது. அது இல்லாவிட்டால் ஏதாவது ஓர் எஞ்சின் கிராஷ் ஆனதுமே போட்டி மொத்தமும் நின்றுவிடும், நீங்கள் காலையில் எழுந்துதான் பார்ப்பீர்கள்.

என்னை நிஜமாகவே தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள வைத்தது ரிசைன் விதி. தன் நிலைக்கு எஞ்சின் தரும் மதிப்பு மைனஸ் 600க்குக் கீழே (அதாவது ஆறு சிப்பாய் அளவு பின்தங்கி) தொடர்ந்து 3 மூவ் போனால் அந்த எஞ்சின் தோற்றதாக முடித்துவிடச் சொல்லியிருந்தேன். ஓர் ஆட்டத்தில் கருப்பு ஒரு ராணி கூடுதலாக வைத்துக்கொண்டே தோற்றுப்போனது! ஆட்டம் பதிவான பிஜிஎன் கோப்பைத் திறந்து பார்த்தால், அந்த எஞ்சின் மதிப்பைத் தன் பக்கத்திலிருந்து சொல்லாமல் எப்போதும் வெள்ளையின் பக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் நிமிர்ந்து நிற்க, க்யூட்செஸ் அதைச் சரணடைந்ததாக எழுதிவிட்டது. இப்போது டூசைடட் ஆப்ஷன் போட்டு, இரண்டு எஞ்சினும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு.

ஓபனிங் இல்லாமல் ஓட்டினால் ஒரே த்ரெட்டில் ஆடும் எஞ்சின்கள் கிட்டத்தட்ட ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும். எனவே சின்ன ஓபனிங் கோப்பு ஒன்றும் ரிபீட்டும் வேண்டும். ஒரே ஓபனிங்கை இருவரும் வெள்ளையிலும் கருப்பிலும் ஆடுவார்கள். டிசிஇசி என்ற பெரிய எஞ்சின் போட்டியிலும் இப்படித்தான். எண்ட்கேமுக்கு ஐந்து காய் சிஸிஜி டேபிள்பேஸ் (சில காய்களே மீந்த நிலைகளின் முடிவை முன்பே கணக்கிட்டு வைத்த கோப்புகள்) போதும், ஒரு ஜிபிதான். ஆறு காய் 150 ஜிபி, என் டிஸ்க் தாங்காது.

குறை என்றால், கமாண்ட் வரி நாலு வரி நீளம், ஒரு எழுத்து பிசகினாலும் நடுராத்திரியில்தான் தெரியும். நான் அதை ஒரு ஸ்கிரிப்டில் போட்டு, புதிதாக எஞ்சின் வந்தால் முதலில் இரண்டு ஆட்டம் மட்டும் ஓட்டிப் பார்க்கிறேன்.

இன்னொன்று, முதலிடம் வந்தவருக்கு வாழ்த்துச் சொல்லும்போதே நான் கொஞ்சம் நெளிவேன். பாதி ஆட்டம் டிராவாகிற நிலையில் 100 ஆட்டத்துக்கே பிழை வரம்பு இருபுறமும் 50 எலோ (ஆட்ட வலிமையை அளக்கும் புள்ளி) அளவுக்கு வரும். எங்கள் போட்டியில் ஒருவருக்குக் கிடைப்பது 22 ஆட்டம்தான். போன தடவை கடைசி இடம் வந்தவரும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், அவரையும் மறுக்க முடியவில்லை.