விஎஸ்எஃப்டிபிடி சர்வரும் அறுந்துபோகும் பேசிவ் இணைப்புகளும்: நீண்ட நாள் அனுபவம்

ஒரு அச்சகத்துக்காக லினக்ஸில் விஎஸ்எஃப்டிபிடி (vsftpd) என்ற எஃப்டிபி கோப்புப் பரிமாற்ற சர்வரைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பக்கக் கோப்புகளை வாடிக்கையாளர்கள் அதில்தான் ஏற்றுகிறார்கள். சர்வர் தானாகப் படுத்துக்கொண்டதாக நினைவில்லை. வந்த புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான்: "கனெக்ட் ஆகுது சார், அப்புறம் கட் ஆயிடுது."

இப்படிச் சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, எந்த இடத்தில் நிற்கிறது என்பதை. லாகின் ஆனதும் ஃபோல்டர் பட்டியல் வராமல் நிற்பது ஒரு கோளாறு. பெரிய கோப்பு முழுக்க ஏறிய பிறகு தொங்குவது வேறு கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு.

எஃப்டிபியில் கட்டளைகளுக்கு ஒரு இணைப்பு, பட்டியலுக்கும் கோப்புக்கும் தனித் தரவு இணைப்பு. பேசிவ் முறையில் தரவு இணைப்புக்கு எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்கு வர வேண்டும் என்பதை சர்வரே 227 என்று தொடங்கும் பதிலில் சொல்லும். பட்டியலே வரவில்லை என்றால் லாகில் (சர்வரின் பதிவேட்டில்) அந்தப் பதிலைத் தேடுவேன். எஃப்டிபி கட்டளைகளையும் பதில்களையும் லாகில் எழுதும் வசதி இந்த சர்வரில் உண்டு. தொடக்கத்தில் அணைந்திருக்கும், அதை இயக்கிவிட வேண்டும். ஒருமுறை கிடைத்த பதில் இது: 10,0,1,25,156,80. முதல் நான்கு எண்கள் ஐபி முகவரி. கடைசி இரண்டும் போர்ட்: 156-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 40016. போர்ட் சரி, முகவரிதான் தப்பு. 10.0.1.25 என்பது உள் நெட்வொர்க் முகவரி, வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. உள் முகவரியைப் பொது முகவரியாக மாற்றும் நாட் (NAT) சாதனத்துக்குப் பின்னால் சர்வர் இருந்தால் இப்படித்தான் சொல்லும். பேசிவ் முகவரியாகப் பொது ஐபியைக் கொடுத்து, போர்ட் எல்லையை 40000 முதல் 40100 வரை என்று கட்டி, அதே எல்லையை ஃபயர்வாலில் திறந்ததும் தீர்ந்தது. ஐபி எண்ணுக்குப் பதில் டொமைன் பெயரும் கொடுக்கலாம், அதற்குத் தனி அமைப்பு உண்டு. ஆனால் பெயரை சர்வர் தொடங்கும்போது மட்டுமே தேடிக்கொள்ளும். ஐபி மாறினால் மறுபடி ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும்.

சில புதிய கிளையன்ட்கள் (வாடிக்கையாளர் பக்கத்து எஃப்டிபி மென்பொருள்கள்) 227 பதிலில் வரும் முகவரியைப் பொருட்படுத்தாமல் ஏற்கெனவே இணைந்த ஐபிக்கே போகின்றன. 1998-இல் வந்த விரிவாக்கப்பட்ட பேசிவ் முறையில் 229 பதிலில் போர்ட் மட்டும்தான் இருக்கும், அங்கே இந்தச் சிக்கலே எழாது. ஒருவருக்கு வேலை செய்து இன்னொருவருக்குச் செய்யாததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

இணைப்பை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் (TLS) போட்ட அன்று புதுத் தலைவலி. அதுவரை ஃபயர்வால் 227 பதிலைப் படித்துத் தானே போர்ட்டைத் திறந்துகொண்டிருந்த இடங்களில், கட்டளை இணைப்பு மறையாக்கம் ஆனதும் அதனால் எதையும் படிக்க முடியவில்லை. நிலையான போர்ட் எல்லையைக் கையால் திறப்பதைத் தவிர வழியில்லை. 522 பிழை வந்தால் கதை வேறு: தரவு இணைப்பும் கட்டளை இணைப்பின் டிஎல்எஸ் அமர்வையே மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று இந்த சர்வர் இயல்பாகவே கேட்கும். எஃப்டிபி வழியே கோப்பு அனுப்பும் பழைய ஸ்கேனர்களுக்கு அது தெரியாது. அந்த நிபந்தனையைத் தளர்த்தலாம்தான். ஆனால் தரவு இணைப்பில் வந்திருப்பவர் அதே ஆள்தான் என்பதற்கு அதுதான் சாட்சி. பொது இணையத்தில் இருக்கும் சர்வரில் நான் தளர்த்த மாட்டேன்.

என்னை அதிகம் அலைக்கழித்தது இரண்டாவது கோளாறு. நூறு சதவீதம் ஏறிவிட்டது என்று கிளையன்ட் காட்டும், பிறகு டைம் அவுட். சர்வர் லாகிலோ பதிவேற்றம் வெற்றி. கோப்பும் ஒரு பைட் குறையாமல் இருக்கும். வாடிக்கையாளர் பாவம், மறுபடி முதலிலிருந்து அனுப்புவார். நடப்பது இதுதான்: தரவு ஒரு இணைப்பில் ஓடும் நேரம் முழுக்க 21-ஆம் போர்ட்டின் கட்டளை இணைப்பில் ஒரு பாக்கெட்கூடப் போகாது. நடுவில் இருக்கும் நாட் சாதனம் ஐந்து நிமிடமோ என்னவோ பார்த்துவிட்டு, யாரும் பேசவில்லை என்று அதை மறந்துவிடும். முடிந்தது என்று சொல்லும் 226 பதில் போய்ச் சேராது. சின்னக் கோப்புகள் ஒழுங்காகப் போய், பெரிய கோப்புகள் மட்டும் சிக்கினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கிளையன்ட்களில் இருக்கும், இணைப்பை உயிரோடு வைத்திருப்பதற்கான 'கீப் அலைவ்' டிக், பெரும்பாலும் இணைப்பு சும்மா இருக்கும்போதுதான் கட்டளை அனுப்பும், கோப்பு ஏறும்போது உதவாது. எஃப்டிபிக்கு அடியில் இணைப்பைத் தாங்கும் டிசிபி (TCP) மட்டத்தில்தான் கை வைக்க வேண்டும். லினக்ஸில் டிசிபி கீப் அலைவ் 7200 விநாடிக்குப் பிறகுதான் தொடங்கும். இரண்டு மணி நேரம்! சர்வரில் அதை 120 விநாடியாகக் குறைத்த பிறகு இந்த வகைப் புகார் ஏறக்குறைய நின்றேவிட்டது.

புதிதாக வருபவர்களுக்கு இப்போது எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்ஹெச் வழியே கோப்பு அனுப்பும் வேறு முறை) கணக்குதான் தருகிறேன். 22-ஆம் போர்ட் ஒன்றே போதும், தனித் தரவு இணைப்பு கிடையாது. ஸ்கேனர்களுக்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கும் மட்டும் விஎஸ்எஃப்டிபிடி தொடர்ந்து ஓடுகிறது, அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.