7,800 ரூபாய் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும் ஒரு மீன் முட்டையின் பகல்பொழுதும்

சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் மாணவிகளுக்குக் கருவியல் நடத்துகிறேன். எபிபோலி, அதாவது முட்டையின் உச்சியிலுள்ள செல்கள் கீழ்நோக்கிப் பரவி மஞ்சள் கருவை மூடுவது, பாடத்தில் வந்தால் கரும்பலகையில் ஒரு வட்டம், அதன்மேல் தொப்பி, கீழ்நோக்கி இரண்டு அம்புக்குறி. பதினோரு வருடமாக அவ்வளவுதான். அதைக் கண்ணால் காட்ட வேண்டும் என்றுதான் சொந்தக் காசில் இந்தக் கருவியை வாங்கினேன். 20, 40 மடங்கு, மேலும் கீழும் எல்.இ.டி. விளக்கு.

கொளத்தூரில் வாங்கிய ஜீப்ரா மீன்கள். தொட்டியின் அடியில் கோலிக்குண்டு பரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் இட்ட முட்டைகளை மீன்களே தின்றுவிடும். விடிந்து வெளிச்சம் பட்டதும் முட்டை கிடைத்தது. ஆகஸ்ட் மழைநாள், அறை 28 டிகிரி. இந்த மீனுக்கு அதுவே போதும், இன்குபேட்டர் தேவையில்லை.

ஒன்பதரைக்கு மஞ்சள் கருவின் உச்சியில் ஆயிரம் செல்கள், ரவையைக் குவித்த மாதிரி. பதினோரு மணிக்குள் மஞ்சள் கரு அடியிலிருந்து மேடாக எழும்ப, குவியல் மெலிந்து பரவத் தொடங்கிவிட்டது. 12 மணிக்குப் பாதி தூரம். அங்கே விளிம்பு ஏறக்குறைய ஒரு மணிநேரம் நின்றுவிடும். அப்போதுதான் விளிம்புச் செல்கள் உள்ளே மடங்கிப் புகுகின்றன. ஒரு பக்கம் தடிக்கிறது. முதுகு வரப்போவது அந்தப் பக்கத்தில்தான். அப்புறம் மறுபடி இறக்கம். மஞ்சள் கருவின் மேற்பரப்பில், விளிம்பை ஒட்டி, ஆக்டின், மயோசின் என்ற, தசையைச் சுருங்க வைக்கும் வகைப் புரதங்கள் சேர்ந்த வளையம் ஒன்று இருக்கிறது. கடைசியில் அது சுருங்கி, பாட்டியின் சுருக்குப்பை வாய் போல மூடிவிடுகிறது. நாலரை மணி. ஒரு மாணவி பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தாள்.

சரி, குறைகள். கீழ்விளக்கின் மேலுள்ள பால்கண்ணாடி வெளிச்சத்தைச் சமமாகப் பரப்புவதால், கண்ணாடி போன்ற கரு தட்டையாகத் தெரிகிறது. பாதியைக் கருப்பு அட்டையால் மறைத்தால் விளிம்பு பளிச்சென்று எழும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. தலைப்பகுதி தானாகக் கீழே இறங்கி, பத்து நிமிடத்தில் படம் மங்குகிறது. ஃபோகஸ் திருகின் உள்வளையத்தை இறுக்கினேன், சரியானது. கூடவே வந்த செல்போன் பிடிப்பான் எதற்கும் உதவாது.

ஐந்துக்கு நான்கு. கருவியல் நடத்துபவர்கள் தயங்காமல் வாங்கலாம். கையில் இன்னும் பணம் இருந்தால், கேமராவுக்கென மூன்றாவது குழாய் உள்ளதாகப் பாருங்கள்.